அலங்காரக் கடற்பாசிகள்: ஊட்டுவதும் அறுப்பதும்

இந்த அத்தியாயத்துக்குள் போவதற்கு முன் ஒரு சிறு வேலை. உங்கள் தொட்டித் தண்ணீரில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதித்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். நைட்ரேட் பூஜ்யம் என்று வந்திருந்தால், சிவப்புப் பாசி வாங்கும் எண்ணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்தத் தண்ணீரில் அது பட்டினி கிடந்து வெளுத்துக் கரைந்துவிடும். 40 பிபிஎம் என்று வந்திருந்தால் தொட்டி தயார். நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி. அவ்வளவு சத்துள்ள தண்ணீரில் வளரும் பாசியை வாரம் தவறாமல் அறுத்தாக வேண்டும்.

பாசி வளர்ப்பின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. மீனுக்குப் போடும் தீனியில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கழிவாகித் தண்ணீரில் கரைகின்றன. பாசி அவற்றை உறிஞ்சித் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. ஆனால் பாசி தொட்டிக்குள் இருக்கும்வரை அந்தச் சத்தும் தொட்டிக்குள்தான் இருக்கிறது. அழுகினால் அத்தனையும் மறுபடி தண்ணீருக்கே திரும்பும். நீங்கள் கையால் அறுத்து வாளியில் போடும்போதுதான் அது உண்மையில் வெளியேறுகிறது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி, 1980களில் இந்த ஒரு கருத்தை வைத்தே பெரிய பவளத் தொட்டிகளை நடத்திக் காட்டினார். வெளிச்சம் படும் வலைத் தட்டுகளின் மேல் தண்ணீரை ஓடவிட்டார். தட்டில் படரும் பாசியை அவ்வப்போது சுரண்டி எடுத்தார். இன்று சம்பின், அதாவது தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டுப் பெட்டியின், ஓர் அறையில் பாசியை வளர்க்கும் ரெஃப்யூஜியம் முறையிலும் சத்து வெளியேறும் வழி இதுவேதான். நாம் இங்கே பேசப்போவது அந்தப் பாசியை முன்தொட்டிக்கே, கண்ணுக்கு எதிரே கொண்டுவருவது பற்றி.

இந்தியாவில் ரீஃப் தொட்டி வைப்பவர்களுக்கு இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, கடல்குதிரைகளும் அப்படியே. மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து வந்த பவளத்தையோ, ‘லைவ் ராக்’ என்ற பெயரில் விற்கும் பவள எலும்பையோ வாங்குவது குற்றம். செராமிக் பாறை அல்லது சிமென்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த பாறை, அதன் மேல் பச்சை, சிவப்பு, பழுப்பு என மூன்று நிறத்தில் பாசிகள், நடுவே பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று. இப்படி அமைத்த தொட்டி பவளத் தொட்டிக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எதை வாங்குவது

முதல் பாசி எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கிராசிலேரியா. ராமேசுவரம் பக்கம் கஞ்சிப்பாசி என்று சொல்லும் பாசி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சமையலறைக் கடல்பாசி, அதாவது அகர், இதிலிருந்துதான் வருகிறது. அலங்காரத்துக்குக் கிடைக்கும் வகைகள் ஒயின் சிவப்பிலிருந்து இளம் ஆரஞ்சு வரை இருக்கும். நடுத்தர வெளிச்சம் போதும். கிளைகளைக் கத்தரித்தால் புதுக்கிளை விடும். அதிகமாகிவிட்டால் மீனுக்கே தீனியாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாறையின் சந்துபொந்துகளில் ஓடிப் பரவாது. தொடங்குபவருக்கு இந்த ஒரு குணமே போதும்.

அடுத்தது ஹலிமேடா. காசு காசாய்க் கோத்த மாலை மாதிரி பச்சைத் துண்டுகளால் ஆன பாசி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சுண்ணாம்பு. பல வெப்பக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பெரும்பங்கு இதன் உதிர்ந்த துண்டுகள்தான். இதைக் கவனித்துப் பார்ப்பது தனி இன்பம். புதுத் துண்டுகள் இரவில் முளைக்கும். முதலில் வெள்ளையாய் இருக்கும், விடியும் தறுவாயில் பச்சையம் உள்ளே ஏறிப் பச்சையாகும். முற்றிய துண்டுகளும் இரவில் பச்சையத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வெளிறித் தெரியும். அதனால் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து ‘செத்துவிட்டது’ என்று பிடுங்கி எறிய வேண்டாம். பகல் பதினொரு மணிக்கும் வெள்ளையாகவே இருந்தால்தான் அது போய்விட்டது என்று பொருள். ஹலிமேடா வளர வேண்டுமானால் கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச், மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில் நிற்க வேண்டும். பவளமே இல்லாத தொட்டியிலும் இது கால்சியத்தைக் கணிசமாக இழுக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

சிவப்பில் கண்ணைப் பறிப்பவை இரண்டு. நெருப்புத் தழல் போல நெளியும் ஹாலிமீனியா ஒன்று. சிவப்புத் திராட்சைக் குலை போலத் தொங்கும் பாட்ரியோக்ளேடியா மற்றொன்று. இரண்டும் சுத்தமான நீரோட்டத்தையும் நிலையான உப்பளவையும் கேட்பவை. தொட்டி ஆறு மாதம் சீராக ஓடிய பிறகு இவற்றை வாங்குங்கள். அதற்கு முன் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

பழுப்புப் பாசிகளில் என் அனுபவம் அவ்வளவு உற்சாகம் தருவதாக இல்லை. விசிறி மடிப்பான படினாவும், மீனவர்கள் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசமும் கடலில் அள்ளி அள்ளி வளர்ந்தாலும், பருவத்துக்குப் பருவம் தழைத்து ஓய்பவை. தொட்டியில் சில மாதம் நன்றாக இருந்து பிறகு அடிக்கட்டையாகிவிடும். அடிக்கட்டையைப் பிடுங்காமல் விட்டால் சில சமயம் மீண்டும் துளிர்க்கும். பெரிய தொட்டி, பலமான வெளிச்சம், ஆட்டும் அலை மூன்றும் இருப்பவர்கள் முயலலாம்.

கீட்டோமார்ஃபா, அதாவது கடைகளில் பச்சை நைலான் நூல் பந்து போலக் கிடைப்பது, சத்தை உறிஞ்சுவதில் கெட்டிக்காரப் பாசி. ஆனால் அதன் இடம் சம்ப். முன்தொட்டியில் விட்டால் பாறைகளில் சிக்கி, கழிவைப் பிடித்துவைத்துக்கொண்டு அழுக்கு மூட்டையாய்க் கிடக்கும்.

டிக்டியோட்டாவை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நீல ஒளி படும்போது அதன் மின்னல் அழகைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் பிய்ந்த ஒவ்வொரு நகக்கண் அளவுத் துண்டும் விழுந்த இடத்தில் ஒட்டி வளரும். வலோனியா எனும் பச்சைக் குமிழிப் பாசி, இறகு போன்ற பிரையாப்சிஸ் இரண்டும் அலங்காரமே அல்ல. வேறு பாசியோடு ஒட்டிக்கொண்டு வரும் வேண்டாத விருந்தாளிகள்.

காலெர்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே அறுவடைப் பகுதியில் அது வருகிறது.

தண்ணீரும் சூடும்

உப்பு 35 பிபிடி, ஒப்படர்த்தியில் சொன்னால் 1.025 முதல் 1.026. பிஹெச் 8.1 முதல் 8.4. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முந்தைய அத்தியாயங்களில் பார்த்ததுதான். பாசிக்கென்று கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை.

வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீரை அப்படியே உப்புக் கலக்கப் பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர். இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, சுவைக்காக அந்த இயந்திரங்களில் டிடிஎஸ் கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் கச்சாத் தண்ணீரை அது கலந்துவிடும். போர் தண்ணீரின் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் அந்த வழியே தொட்டிக்கு வரும், பின்னாலேயே பழுப்புப் படலமும் வரும். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. இப்போது பல மாடல்களில் உடம்புக்கு நல்லது என்று செம்பு சேர்க்கும் உருளை பொருத்தி விற்கிறார்கள். மனிதருக்கு அது எப்படியோ, பாசிக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு. ஆர்ஓ சவ்வுக்குப் பிறகு டிஐ ரெசின் வைத்த தனி வடிகட்டியை வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாத அன்று ரெசினை மாற்றுங்கள்.

சூடு நம் ஊர்க்காரர்களுக்கே உரிய போராட்டம். அலங்காரப் பாசிகளுக்கு 24 முதல் 27 டிகிரி உகந்தது. 30 டிகிரியைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் மென்மையான சிவப்புப் பாசிகள் நுனியிலிருந்து குழைய ஆரம்பிக்கும். தண்ணீர்ப் பரப்பின் மேல் மின்விசிறி ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற புழுக்கமான கரையோர ஊர்களில் ஆவியாதலே மெதுவாக நடப்பதால் அந்தப் பலன் சுருங்கிவிடும். சித்திரை வைகாசியில் சில்லரோ ஏசி அறையோ இல்லாமல் சமாளிப்பது கடினம். விசிறி வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை டிஐ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் நிரப்பக் கூடாது.

மின்வெட்டும் இதோடு சேர்ந்தது. வெளிச்சம் உள்ளபோது பாசி ஆக்சிஜனை விடும். இருட்டில் மீனைப் போலவே அதுவும் ஆக்சிஜனை இழுக்கும். பாசி அடர்ந்த தொட்டியில், சூடான இரவில், பம்பு நின்றுபோனால் ஒன்றிரண்டு மணி நேரமே மீன்களைத் திணறவைக்கப் போதும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சம்பிலும் பாசி வைத்திருப்பவர்கள் அதன் விளக்கை இரவிலும் முன்தொட்டி விளக்கைப் பகலிலும் எரியவிட்டால், இரவு நேரத்தில் பிஹெச் இறங்குவதும் குறையும், ஆக்சிஜனும் தாங்கும்.

வெளிச்சம், நீரோட்டம்

பவளத் தொட்டிக்காரர்கள் விரும்பும் அடர்நீல விளக்கின் கீழ் சிவப்புப் பாசி கறுத்துத் தெரியும், பச்சை மங்கும். அழகு பார்க்கத்தானே வளர்க்கிறோம்; 6500 கெல்வின் அளவிலான வெள்ளை எல்இடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம். சிவப்புப் பாசிகளின் நிறமி ஆழத்து மங்கிய நீல, பச்சை ஒளியையும் பிடிக்க வல்லது. அவற்றைப் பாறையின் நிழல் விழும் பக்கத்தில், விளக்கிலிருந்து தள்ளி வையுங்கள். ஹலிமேடா, காலெர்பா நடுவில். படினாவும் சர்காசமும் விளக்குக்கு நேர் கீழே.

நீரோட்டத்தை அலட்சியம் செய்வதால் வாடும் பாசிகளே அதிகம். பாசிக்கு வேர் கிடையாது. அடியில் உள்ளது பாறையைப் பற்றும் பிடிப்பு மட்டுமே. உடம்பு முழுவதாலும் அது சத்தை உறிஞ்சுகிறது. ஆனால் எந்தப் பரப்பையும் ஒட்டி அசையாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அந்தப் படலத்தில் உள்ள நைட்ரேட்டைப் பாசி தின்று தீர்த்ததும், சுற்றிலும் நிறைய இருந்தாலும் அதற்கு எட்டாது. ஓட்டம் வேகமானால் படலம் மெலியும், சத்து எட்டும். அதனால்தான் சோதனையில் நைட்ரேட் 10 பிபிஎம் காட்டும் தொட்டியின் மூலையில் பாசி பட்டினி கிடப்பதைப் பார்க்கிறோம். வேவ்மேக்கரின் நேரடி வீச்சு இல்லாமல், பாசி முழுவதும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும்படி வைப்பது சரியான அளவு. இலைமேல் தூசு படிந்து தங்கினால் ஓட்டம் போதவில்லை.

சத்துக் கணக்கு

கடற்பாசிகளின் உடம்பில் நைட்ரஜன் அணுக்களும் பாஸ்பரஸ் அணுக்களும் சராசரியாக 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதாக அட்கின்சன், ஸ்மித் இருவரும் 1983-இல் எழுதிய ஆய்வு காட்டியது. நுண்பாசிகளில் இது 16-க்கு 1. தொட்டிக்காரருக்கு இதன் பொருள் மிகப் பெரியது. நைட்ரேட், பாஸ்பேட் எடையாக மாற்றினால், ஒரு பிபிஎம் பாஸ்பேட்டை இழுக்கும் நேரத்தில் பாசி சுமார் 20 பிபிஎம் நைட்ரேட்டை இழுத்துவிடும். ஆகவே நன்றாக வளரும் பாசித் தொட்டியில் முதலில் தீர்ந்துபோவது நைட்ரேட்தான். பாஸ்பேட் 0.2-இல் நிற்கும், நைட்ரேட் பூஜ்யமாகும், பாசியின் வளர்ச்சி அப்படியே நிற்கும். வைத்திருப்பவர் பாஸ்பேட்டைப் பார்த்துப் பயந்து தீனியைக் குறைப்பார். பாசி மேலும் வாடும். அதன் இடத்தைச் சிவப்புச் சேறு போன்ற சயனோபாக்டீரியா பிடிக்கும். அந்த நிலையில் செய்ய வேண்டியது நேர்மாறானது: நைட்ரேட்டைச் சேர்க்க வேண்டும்.

நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். பாசித் தொட்டிக்கு என் பரிந்துரை இது. முதலில் மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால், உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ உள்ள சோடியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தலாம். உரக்கடைச் சரக்கு வேண்டாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 0.27 கிராம் போட்டால் நைட்ரேட் 2 பிபிஎம் ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள். உங்கள் சோதனைப் பெட்டி நைட்ரேட்டாகக் காட்டுகிறதா, நைட்ரேட்-நைட்ரஜனாகக் காட்டுகிறதா என்று தாளில் படித்துக்கொள்ளுங்கள். பின்னதாக இருந்தால் 4.4-ஆல் பெருக்க வேண்டும்.

இரும்பும் மாங்கனீசும் அயோடினும் மிகச் சிறு அளவில் வேண்டும். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் அதுவே போதும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சரியாக இருந்தும் புதுத் துளிர் மஞ்சளாக வந்தால் மட்டும் கடல்தொட்டிக்கான இரும்புக் கரைசலைப் புட்டியில் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் சோதனைப் பெட்டியை எடுக்கும் முன்பே பாதி தெரிந்துவிடும். கிராசிலேரியா தன் சிவப்பு நிறமியையே நைட்ரஜன் சேமிப்பாகவும் வைத்திருக்கிறது. நைட்ரேட் தீர்ந்தால் அந்த நிறமியை உடைத்துத் தின்னும். சிவப்பு ஆரஞ்சாகி, வைக்கோல் நிறமாகி, கடைசியில் கண்ணாடி போலாகும். வைக்கோல் நிறத்தில் கண்டுபிடித்து ஊட்டினால் மீண்டுவிடும்.

வாங்கி வந்த அன்று

சென்னை கொளத்தூர் மீன்தொட்டிச் சந்தையிலோ வேறு கடையிலோ வாங்கினாலும், நண்பரிடம் வாங்கினாலும், பாசியை முகர்ந்து பாருங்கள். கடல் வாடை வர வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் வேண்டாம். வெயில் படாமல், ஈரம் காயாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உப்பளவு சட்டென்று மாறினால் பாசியின் உயிரணுக்கள் ஊறி வெடிக்கும் அல்லது சுருங்கும். அதனால் மீனுக்குச் செய்வது போலவே சொட்டுக் குழாயில் முக்கால் மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்க வேண்டும்.

பிறகு அதே உப்பளவுள்ள தண்ணீர் வாளிகளில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கி உதறுங்கள். கடைசி வாளியில் ஒன்றும் உதிராத நிலை வரும்வரை இதைச் செய்ய வேண்டும். அடிப்பிடிப்போடு ஒட்டியிருக்கும் கல்லில்தான் எய்ப்டேசியா எனும் கொட்டும் பூவும் வலோனியா குமிழும் ஒளிந்திருக்கும். முடிந்தால் கல்லைக் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அதன்பின் இரண்டு மூன்று வாரம், விளக்கும் ஓட்டமும் உள்ள தனிப் பெட்டியில் வைத்துக் கவனியுங்கள். அந்தப் பெட்டியில் ஒருகாலத்தில் மீனுக்குச் செம்பு மருந்து போட்டிருந்தால் பாசிக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

நிறுத்தி வைப்பது எளிது. சிவப்புப் பாசியின் அடியைப் பாறை இடுக்கில் செருகலாம், அல்லது ஜெல் வடிவச் சயனோஅக்ரிலேட் பசையால் சிறு கல்லில் ஒட்டலாம். மணலில் ஊன்றும் ஹலிமேடா வகைகளுக்கு ஐந்து சென்டிமீட்டராவது மணல் ஆழம் வேண்டும். அடியில் உள்ள உருண்டைப் பிடிப்பு முழுவதும் மணலுக்குள் போக வேண்டும். மென்பவளங்கள் வைத்திருந்தால் அவற்றுக்கும் பாசிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சில பாசிகள் தண்ணீரில் விடும் வேதிப்பொருள்கள் பவளங்களுக்கு ஆகாது. அவற்றை உறிஞ்சும் கரிப்பையை மாதம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

மீன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்ஜன் மீன்கள், ஓரா, கடல் முள்ளெலி மூன்றும் பாசியைத் தின்றே வாழ்பவை, சேர்க்காதீர்கள். கோமாளி, கோபி, சிறு ராஸ் வகைகள் பாசியைத் தொடா.

அறுவடை

பாம்பன் தீவின் சின்னப்பாலத்திலும் சுற்றுவட்டக் கரைகளிலும் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரையறை வைத்துக்கொண்டார்கள். எடுத்த இடம் மறுபடி தழைக்க வேண்டும் என்பதற்காக. தொட்டிக்காரர் கற்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்: நாள் குறித்து எடுப்பது, அடியை விட்டு எடுப்பது.

வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்யுங்கள். பம்புகளை நிறுத்துங்கள், ஓவர்ஃப்ளோ வாயில் வலையைக் கட்டுங்கள். வளர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். பாதிக்கு மேல் ஒரே நாளில் எடுத்தால் தொட்டியின் சத்தை உறிஞ்ச ஆள் குறைந்து, அடுத்த வாரம் கண்ணாடியெல்லாம் நுண்பாசி ஏறும். கிராசிலேரியாவைக் கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே கத்தரியால் வெட்டலாம். ஹலிமேடாவை இரண்டு துண்டுகள் சேரும் கணுவில் ஒடிக்கலாம். சர்காசத்தின் தண்டை வெட்டி அடியை விட்டுவிடுங்கள். முடிப்பாசி படர்ந்த முதிய இலைகளைக் காப்பாற்ற முயல வேண்டாம். முதலில் போக வேண்டியவை அவைதாம்.

எடுத்ததைப் பிழிந்து சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். இது பார்க்க அதிகப்படியான வேலையாகத் தெரியலாம். ஆனால் தொட்டி எப்படி இருக்கிறது என்பதை இந்த எண்ணைப் போல வேறு எதுவும் சொல்லாது. வாரம் 60 கிராம் வந்துகொண்டிருந்த தொட்டியில் 20 ஆகக் குறைந்தால், கண்ணுக்கு எல்லாம் அழகாகத் தெரிந்தாலும் ஏதோ தீர்ந்துவிட்டது. அன்றே நைட்ரேட்டைப் பாருங்கள்.

இனி காலெர்பா. திராட்சை போல, இறகு போல, புல் போல எத்தனையோ வடிவம். மன்னார் வளைகுடாவிலும் இயற்கையாகவே பல வகைகள் உண்டு. மணல்மேல் ஓடும் கொடியும், அதிலிருந்து மேலெழும் இலைகளும் சேர்ந்து எத்தனை முழம் வளர்ந்தாலும் அது ஒரே உயிரணு. உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. நடுவில் வெட்டினால் உள்சாறு கசியும், பிறகு அடைபடும். ஆகவே காலெர்பாவைப் புல் வெட்டுவது போலத் தலையை நறுக்கக் கூடாது. ஒரு கொடியின் நுனியைப் பிடித்து, முழுக் கொடியையும் மணலிலிருந்து மெல்ல உருவி எடுக்க வேண்டும்.

அறுக்காமல் விட்டால் அது ஒரு நாள் இனப்பெருக்கத்துக்குப் போகும். உடம்பின் உள்ளடக்கம் முழுவதையும் இனச்செல்களாக்கி விடியற்காலையில் தண்ணீரில் விட்டுவிட்டு, அந்தப் பாசி செத்துப்போகும். தண்ணீர் பச்சைப் பாலாகும். கண்ணாடி போன்ற வெறும் கூடு மட்டும் மிஞ்சும். ஆக்சிஜன் சரியும், ஸ்கிம்மர் பொங்கி வழியும், உறிஞ்சிய சத்தெல்லாம் ஒரே காலையில் திரும்பி வரும். முந்தைய நாள் இலைகள் வெளிறி, மேலே வலைப்பின்னல் போன்ற கோலம் தெரிந்தால் அதுதான் எச்சரிக்கை. வெளிறிய பகுதி முழுவதையும் அன்றே எடுத்துவிடுங்கள். நடந்தே விட்டால் காற்றுப் பம்பைப் போட்டு, கூடுகளை அகற்றி, புதுக் கரி வைத்து, கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். முதிர்ந்து நெருங்கிப்போன கொடிகளில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. வாரம் தவறாமல் உருவுபவர் பயப்படத் தேவையில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர் காலெர்பா வைக்க வேண்டாம்.

அறுத்ததை எங்கே போடுவது

காலெர்பா டாக்சிஃபோலியாவின் கதையை ஒவ்வொரு பாசி வளர்ப்பவரும் தெரிந்திருக்க வேண்டும். மீன்தொட்டிகளில் வளர்ந்த, குளிர் தாங்கும் ஒரு ரகம், 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு அடியில், கடல் தரையில் சிறு திட்டாகக் காணப்பட்டது. 2000 வாக்கில் மத்தியதரைக் கடலில் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா, துனிசியா வரை கரையோரத் தரையை அது மூடிக்கொண்டிருந்தது. அதை இன்றுவரை அங்கிருந்து ஒழிக்க முடியவில்லை. அதே 2000-இல் கலிஃபோர்னியாவின் ஒரு காயலில் அது தென்பட்டபோது, உடனே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, பல ஆண்டு முக்குளித்துத் தேடி, 2006-இல்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். நம் பக்கத்திலும் பாடம் உண்டு. பாக் விரிகுடாவில் பயிரிடக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

ஆகவே வெட்டிய பாசியை வாஷ்பேசினில், கழிவறையில், மழைநீர் வாய்க்காலில் போடாதீர்கள். தொட்டித் தண்ணீரை ஊற்றும்போதும் துணியில் வடிகட்டுங்கள். தொட்டியைக் கலைக்கும் நாள் வந்தால், பாவம் உயிரோடு இருக்கட்டும் என்று பாசியைக் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். இந்தக் கடலிலிருந்தே வந்த வகையானாலும் விடாதீர்கள். அதோடு கடை கடையாய் ஊர் சுற்றி ஒட்டிக்கொண்ட பூச்சியும் நோயும் உடன் போகும். நல்ல பகுதியை இன்னொரு வளர்ப்பவருக்குக் கொடுங்கள். சர்ஜன் மீன் வைத்திருக்கும் நண்பருக்குக் கிராசிலேரியாவைத் தீனியாகக் கொடுங்கள். மிச்சத்தை மொட்டைமாடி வெயிலில் மொறுமொறுப்பாகக் காயும்வரை உலர்த்தி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, செடிகளுக்கு உரக்குழியில் சேருங்கள். மழைக்காலத்தில் வெயில் கிடைக்காவிட்டால், பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் உறையவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.